செட்டிநாட்டு வெயிலில் தேனீப் பெட்டிக்கு உண்ணி வைத்தியம்: எண்ணிப் பார்ப்பதில் இருந்து அமிலம் வைப்பது வரை

பெட்டிக்கு முன்னால் செம்மண் தரையில் தேனீ நடந்து போவதைக் கண்டால் தாண்டிப் போய்விடாதீர்கள். குனிந்து உள்ளங்கையில் எடுத்துப் பாருங்கள். சிறகு கசங்கிய காகிதம் போலச் சுருண்டிருக்கிறதா, வயிறு குட்டையாக இருக்கிறதா? அப்படியென்றால் அது பிறந்து ஒரு நாள்கூட ஆகியிருக்காது. பறக்க வழியில்லாத அந்தப் பிள்ளையை மற்ற தேனீக்களே வாசல்வரை இழுத்து வந்து வெளியே தள்ளியிருக்கும். நானும் முதல் இரண்டு ஆண்டுகள் வெயில்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது வரோவா உண்ணி பரப்பும் வைரஸின் வேலை. நடக்கும் தேனீ நான்கைந்து கண்ணில் படுகிறதென்றால் உள்ளே உண்ணி எப்போதோ பெருகிவிட்டது.

காரைக்குடிக்குப் பக்கத்தில் தென்னையும் முந்திரியும் கலந்த தோப்பில் இத்தாலியத் தேனீ 18 பெட்டியும் இந்தியத் தேனீ 5 பெட்டியும் வைத்திருக்கிறேன். உண்ணி வைத்தியம் பற்றிக் கிடைக்கும் குறிப்புகளில் பெரும்பாலானவை குளிர்நாட்டுக்காரர்களுக்காக எழுதப்பட்டவை. பனி விழும், ராணி முட்டையிடுவதை நிறுத்தும், அப்போது மருந்து வை என்று சொல்லும். நமக்குப் பனி ஏது? இங்கே வெயிலைப் பார்த்துத்தான் மருந்து வைக்க வேண்டும். எந்த மருந்து என்பதைவிட எந்த மாதம் என்பதே செட்டிநாட்டில் பெரிய கேள்வி.

முதலில் எதிரியைத் தெரிந்துகொள்ளுங்கள்

பக்கத்து வயல் மாமா ஒருநாள் நான் பெட்டி பார்க்கும்போது வந்து நின்றார். உண்ணியைக் காட்டினேன். “மாட்டு உண்ணி மாதிரிதானப்பு? பிடுங்கிப் போட்டாத் தீந்துச்சு” என்றார். மாட்டு உண்ணி தோலுக்கு வெளியே இருக்கிறது. இதுவோ பாதிக்கு மேல் மூடிய அறைக்குள் ஒளிந்திருக்கிறது. அந்த வித்தியாசம் மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் எளிதில் விளங்கும்.

வரோவா செம்பழுப்பு நிறம். நண்டுபோல் அகலமாக, தட்டையாக இருக்கும். அகலம் 1.6 மில்லிமீட்டர், நீளம் 1.1 மில்லிமீட்டர். தேனீயின் உடம்புக்கு இது நம் முதுகில் அப்பளம் அளவுக்குப் பூச்சி ஒட்டியிருப்பது போல. தேனீயின் வயிற்றுத் தகடுகளுக்கு இடையே புகுந்து கொழுப்புத் திசுவைத் தின்கிறது. அது இரத்தம் குடிக்கிறது என்றே நெடுங்காலம் நம்பியிருந்தார்கள். 2019-இல் வந்த ஆய்வுதான் கொழுப்புத் திசு என்று காட்டியது. தேனீக்கு அதுவே ஈரல் போல, எதிர்ப்புச் சக்தி எல்லாம் அதில்தான்.

பெண் உண்ணி, புழு அறை மெழுகால் மூடப்படுவதற்குச் சற்று முன் உள்ளே நுழைந்துவிடும். மூடிய பிறகு மூன்றாம் நாள் வாக்கில் முதல் முட்டை இடும், அது ஆண். அடுத்து சுமார் 30 மணி நேரத்துக்கு ஒரு பெண் முட்டை. பணித்தேனீ அறை 12 நாள் மூடியிருக்கும், ஆண் தேனீ அறை இன்னும் இரண்டு மூன்று நாள் கூடுதலாக. அந்தக் கூடுதல் நாட்களுக்காகவே உண்ணி ஆண் தேனீ அறையைத் தேடிப் போகிறது. தேனீ வெளியே வரும்போது தாயும் வளர்ந்த மகள்களும் சேர்ந்து வெளியே வரும்.

இரண்டாவது எதிரி டிரோபிலேலாப்ஸ். நம் ஊரில் பலரும் இதைக் கவனிப்பதில்லை. இது மலைத்தேனீயோடு பிறந்த பூச்சி. ஊருணிக் கரை ஆலமரத்திலும் தண்ணீர்த் தொட்டிக்கு அடியிலும் மலைத்தேனீ அடை தொங்கும் ஊர் இது, ஆகவே இந்த உண்ணிக்கு இங்கே பஞ்சமில்லை. வரோவாவைவிடச் சிறிது, நீளவாக்கில் இருக்கும், அடைமேல் விறுவிறுவென்று ஓடும். இதற்கு ஒரு பலவீனம் உண்டு. வளர்ந்த தேனீயை இதனால் கடித்துத் தின்ன முடியாது. புழு இல்லாத கூட்டில் சில நாட்களில் செத்துவிடும். இதை மறக்காதீர்கள், பின்னால் பயன்படும்.

இந்தியத் தேனீ வைத்திருப்பவர்களுக்கு

மார்த்தாண்டம் பெட்டியில் இந்தியத் தேனீ மட்டும் வைத்திருக்கிறீர்களா? அமிலம் எதுவும் வேண்டாம். வரோவா ஆதியில் இந்தியத் தேனீயின் உண்ணிதான். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சேர்ந்து வாழ்ந்ததில் அந்தத் தேனீ சமாளிக்கக் கற்றுக்கொண்டது. ஒன்றையொன்று நீவிவிட்டு உண்ணியைக் கடித்துப் போடும். உண்ணி பெருகுவதும் ஆண் தேனீ அறையில் மட்டும்தான். இத்தாலியத் தேனீக்கு இந்த வித்தை தெரியாது. 1962-இல் இன்றைய இமாசலப் பிரதேசத்தின் நக்ரோட்டாவில் இத்தாலியத் தேனீ வேரூன்றியது, அதன் பிறகுதான் இந்தச் சிக்கல் நம் நாட்டுத் தேனீப் பண்ணைகளின் சிக்கலானது.

இந்தியத் தேனீக்கு நிஜமான ஆபத்து தாய் சாக்புரூட் என்ற வைரஸ் நோய். 1991, 1992 ஆண்டுகளில் தென்னிந்தியாவில் பெட்டி பெட்டியாகக் காலி செய்தது அதுதான். புழு அறைக்குள் தலையைத் தூக்கிப் படகுபோல் மல்லாந்து செத்துக் கிடக்கும், முள்ளால் தூக்கினால் நீர் நிறைந்த பைபோல் வரும். அதை உண்ணி என்று நினைத்து அமிலம் வைத்தால் மிச்சமிருக்கும் கூட்டமும் பெட்டியை விட்டு ஓடிவிடும். பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் மச்சிலும் சுவர்ப் பொந்திலும் இருக்கும் கூடுகளையும் அப்படியே விட்டுவிடுங்கள்.

இனிமேல் எழுதுவதெல்லாம் இத்தாலியத் தேனீப் பெட்டிக்கு.

எண்ணாமல் மருந்து வைக்காதீர்கள்

உண்ணி இல்லாத இத்தாலியத் தேனீப் பெட்டி கிடையாது. எத்தனை இருக்கிறது என்பதுதான் கேள்வி. அதைக் கண்டுபிடிக்கச் செலவில்லாத வழி சீனிப்பொடி.

ஹார்லிக்ஸ் பாட்டில் அளவில் வாய் அகன்ற கண்ணாடி பாட்டில் ஒன்று எடுங்கள். மூடியின் நடுவை வெட்டி எடுத்துவிட்டு, உண்ணி விழுந்து தேனீ விழாத அளவுக்குக் கண்ணுள்ள கம்பி வலையைப் பொருத்துங்கள். ஜன்னலுக்கு அடிக்கும் கொசுவலைக் கம்பி பெரும்பாலும் நெருக்கமாக இருக்கும், உண்ணி சிக்கிக்கொள்ளும். 2 முதல் 3 மில்லிமீட்டர் கண் வேண்டும். சீனியை வீட்டு மிக்சியில் மாவாக அரைத்துக்கொள்ளுங்கள். கடையில் கேக்குக்கு விற்கும் சீனிப்பொடியில் சோளமாவு கலந்திருக்கும்.

காலை பத்து மணி வாக்கில் பெட்டியைத் திறந்து, புழு உள்ள நடுச் சட்டம் ஒன்றை எடுங்கள். ராணி அதில் இல்லை என்று இரண்டு பக்கமும் பார்த்து உறுதிசெய்த பிறகுதான் அடுத்த வேலை. அகன்ற தட்டிலோ மடித்த அட்டையிலோ தேனீக்களை உதறுங்கள். 120 மில்லி டம்ளரில் தலைதட்ட அள்ளினால் சுமார் 300 தேனீ வரும். பாட்டிலில் கொட்டி வலை மூடியைப் போட்டு, வலைவழியே இரண்டு மேசைக்கரண்டி சீனிப்பொடி தூவுங்கள். பாட்டிலைப் படுக்கவைத்து மெல்ல உருட்டுங்கள். தேனீக்கள் முழுக்க வெள்ளையாகிவிடும். நிழலில் இரண்டு நிமிடம் வையுங்கள். சீனித் தூள் ஒட்டியதும் உண்ணியின் பிடி நழுவும், தேனீயும் உடம்பை உதறும்.

இப்போது வெள்ளைப் பீங்கான் தட்டில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வைத்துக்கொண்டு, பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்து உப்புத் தூவுவது போல் ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். சீனி தண்ணீரில் கரைந்து போகும். கரையாமல் நிற்பது செம்பழுப்புப் புள்ளிகள். முதல் முறை பார்க்கும்போது நெஞ்சு பதறும், கேழ்வரகைச் சிதறவிட்டது போல இருக்கும், சிலது கால்களை அசைக்கும். எண்ணுங்கள். தேனீக்களைத் திரும்பப் பெட்டியின் சட்டங்கள்மேல் கொட்டிவிடலாம், சாகாது. மற்றவை நக்கிச் சுத்தம் செய்துவிடும்.

300 தேனீக்கு 3 உண்ணி வரை என்றால் அடுத்த மாதம் மறுபடி எண்ணினால் போதும். 6 என்றால் மருந்தைத் தயாராக வாங்கி வையுங்கள். 9 அல்லது அதற்கு மேல், அதாவது நூற்றுக்கு மூன்று, வைத்தியம் செய்தே ஆக வேண்டும். பத்துப் பெட்டி இருந்தால் மூன்றிலாவது எண்ணுங்கள். ஒரு பெட்டியில் 2, பக்கத்துப் பெட்டியில் 14 என்று வருவது சகஜம். மழை நாளில் இதைச் செய்யாதீர்கள், சீனி ஈரத்தில் கட்டியாகி உண்ணியை விடாது.

டிரோபிலேலாப்ஸ் சீனியில் அகப்படாது, அது தேனீமேல் அதிகம் தங்குவதே இல்லை. அதற்குப் புழுச் சட்டத்தைத் தேனீ உதறிய பிறகு வெள்ளைத் தட்டின் விளிம்பில் படக்கென்று இரண்டு தட்டுத் தட்டுங்கள். ஓடுகிற பூச்சி விழுந்தால் அதுதான். கூடவே, மூடிய ஆண் தேனீ அறைகளை முள்கரண்டியால் சீவி நூறு கூட்டுப்புழுவை இழுத்துப் பாருங்கள். பால்வெள்ளைப் புழுவின்மேல் செம்பழுப்பு உண்ணி பளிச்சென்று தெரியும். காலியான அறையின் மேல்சுவரில் வெள்ளைச் சுண்ணாம்புப் புள்ளி இருந்தால் அது வரோவாவின் எச்சம், அந்த அறையில் அது குடும்பம் நடத்தியதற்குச் சாட்சி.

அடிப்பலகையில் விளக்கெண்ணெய் தடவிய அட்டையை வைத்து விழும் உண்ணியை எண்ணும் முறையும் உண்டு. நம் ஊரில் அதை நம்புவது சிரமம். தாங்குகாலின் கிண்ணத்தில் தண்ணீர் வற்றினால் எறும்பு ஏறி, விழுந்த உண்ணியை எல்லாம் தூக்கிக்கொண்டு போய்விடும். அட்டை சுத்தமாக இருக்கிறதே என்று நாம் நிம்மதியாக இருப்போம்.

எந்த மாதத்தில் எது

மாசியில் தொடங்கிச் சித்திரை வரை முந்திரி, வேம்பு, புளி என்று பூ வரிசை கட்டும். ராணி அடை முழுக்க முட்டையிடும், தேனுக்காகப் பெட்டிமேல் அடுக்கும் தேன் அறையும் ஏறியிருக்கும். உண்ணிக்கும் அதுதான் வளமான காலம். புழு இருக்கிற நாளெல்லாம் மாதத்துக்குச் சுமார் இரண்டு மடங்காகப் பெருகக்கூடிய பூச்சி அது. ஆனால் தேன் அறை இருக்கும்போது எந்த மருந்தும் வைக்கக்கூடாது, வெயிலும் விடாது. ஆகவே பூக்காலத்துக்கு முன்பே, மார்கழியில், எண்ணிக்கையைக் கீழே கொண்டுவந்துவிட வேண்டும். தேன் எடுத்த பிறகு பூ வற்றிக் கிடக்கும் ஆனி, ஆடியில் இரண்டாவது வைத்தியம். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பெட்டியைத் திறக்காமல் பாகு கொடுத்துக் காப்பாற்றினாலே போதும்.

இரண்டு காலத்துக்கும் இரண்டு வேறு மருந்து. மார்கழிக்கு ஃபார்மிக், ஆடிக்கு ஆக்ஸாலிக். மாற்றிச் செய்யாதீர்கள்.

மார்கழி: ஃபார்மிக் அமிலம்

எறும்பு கடித்தால் எரிகிறதே, அந்த எரிச்சலில் இருக்கும் அமிலம்தான் இது. குமரி மாவட்டத்தில் ரப்பர் பாலை உறைய வைக்கவும் இதைத்தான் ஊற்றுகிறார்கள். மதுரையில் ரசாயனக் கடைகளில் 85 சதவீதம் கிடைக்கும். இதன் பெருமை, ஆவி மெழுகு மூடியையும் ஊடுருவி அறைக்குள் இருக்கும் உண்ணியைக் கொல்லும். இரண்டு வகை உண்ணிக்கும் கேட்கும். புழு நிறைந்த கூட்டில் ஒரே மருந்தில் உள்ளேயும் வெளியேயும் எட்டுவதற்கு இதைப்போல் வேறு இல்லை.

இதன் ஆபத்தும் ஆவியில்தான். வெயில் ஏற ஏற ஒரு நாளில் ஆவியாக வேண்டியது ஒரு மணி நேரத்தில் ஆவியாகும். பகல் வெப்பம் 30 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் வைக்கக்கூடாது. சில ஆண்டுகளுக்கு முன் மாசி முடிந்து பங்குனி பிறந்த வாரத்தில் வைத்தேன். அமிலம் விற்றவர் எந்த மாதமும் வைக்கலாம் என்று சொன்னதை நம்பினேன், வெயில் பற்றி ஒரு வார்த்தை அவர் சொல்லவில்லை. அன்று பிற்பகல் 37 டிகிரி. மாலையில் போனபோது மூன்று பெட்டிகளில் தேனீ முழுவதும் வாசலுக்கு வெளியே புளியங்கொத்துப் போலத் தொங்கியது. மறுநாள் இரண்டு பெட்டியின் அடிப்பலகையில் ராணி செத்துக் கிடந்தது. மூன்றாவது கூட்டம் பெட்டியையே விட்டுப் போய்விட்டது. அடைகளில் மூடாத புழுக்கள் அப்படியே காய்ந்து கிடந்ததை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. மார்கழியில் காரைக்குடிப் பகல் 29, 30 டிகிரிக்குள் நிற்கும் நாட்கள் கிடைக்கும். நமக்குக் கிடைக்கும் வாய்ப்பு அதுதான்.

செய்முறை இப்படி.

மழை விட்டு இரண்டு மூன்று நாள் ஆகியிருக்கட்டும். தேன் அறை இருந்தால் இறக்கிவிடுங்கள். குறைந்தது ஆறு சட்டம் நிறையத் தேனீ உள்ள பெட்டிக்கு மட்டுமே வையுங்கள், நோஞ்சான் கூட்டங்களை முதலில் இரண்டிரண்டாகச் சேர்த்துவிடுங்கள். வாசலை முழு அகலத்துக்குத் திறந்துவிடுங்கள், குறுக்கும் கட்டை எதுவும் வேண்டாம். ஆவி வெளியேற வழியில்லாத பெட்டி ராணிக்குச் சவப்பெட்டி.

கையில் ரப்பர் கையுறை, கண்ணுக்கு மூடிய கண்ணாடி, முழுக்கைச் சட்டை. தேனீ வலைத் தொப்பி அமிலத்தைத் தடுக்காது. பக்கத்தில் ஒரு வாளி தண்ணீர், சமையல் சோடா ஒரு பொட்டலம். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நில்லுங்கள். தோலில் பட்டால் உடனே தண்ணீர்விட்டுக் கழுவுங்கள். கண்ணில் தெறித்தால் 15 நிமிடம் விடாமல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்து, பிறகு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். தரையில் சிந்தினால் சோடாவைத் தூவுங்கள். கரைக்க வேண்டி வந்தால் தண்ணீரில் அமிலத்தை ஊற்றுங்கள், அமிலத்தில் தண்ணீரை ஒருபோதும் ஊற்றாதீர்கள். குடிதண்ணீர் பாட்டிலில் மாற்றி வைக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு, அதனால் உயிர் போயிருக்கிறது. வந்த பாட்டிலிலேயே இருக்கட்டும்.

சின்ன ஊசிமருந்துக் குப்பியைக் கழுவிக் காயவைத்து, பஞ்சைத் திரியாகத் திரித்துச் செருகுங்கள், திரி வாய்க்கு மேலே விரற்கடை அளவு நீட்டிக்கொண்டு இருக்கட்டும். சிரிஞ்சால் 5 மில்லி அமிலம் ஊற்றி, அடிப்பலகையின் பின்மூலையில் சாயாதபடி நிறுத்துங்கள். இது 8 முதல் 10 சட்டப் பெட்டிக்கு. மாலை நான்கு, ஐந்து மணிக்கு வைப்பதே நல்லது, முதல் ஆவி குளிர்ந்த இரவில் மெதுவாகப் பரவும். தினமும் மாலையில் மறுபடி 5 மில்லி. இப்படி 15 நாள். பதினைந்து நாள் ஏன் என்றால், மூடிய அறை எல்லாம் ஒரு சுற்றுத் திறந்து உள்ளிருந்ததெல்லாம் ஆவியில் படுவதற்கு. “ஏழு நாளிலேயே நிறைய விழுந்துவிட்டது, போதும்” என்று நிறுத்தினால் பாதி வேலைதான் நடந்திருக்கும்.

முதல் இரண்டு நாள் தேனீக்கள் வாசலில் கூடும், கையளவு தேனீயும் சில புழுவும் சாகும். அதற்குப் பயப்படத் தேவையில்லை. இடையில் வெயில் 30 டிகிரிக்கு மேல் போனால் அன்று குப்பியை எடுத்துவிட்டு, குளிர்ந்த பிறகு தொடருங்கள். முடிந்து ஐந்தாம் நாள் பெட்டியைத் திறந்து புதுமுட்டை இருக்கிறதா பாருங்கள். முட்டை அறையடியில் நூல் நுனிபோல் நட்டுக்கொண்டு நின்றால் ராணி நலம். தேன் அறையை இரண்டு வாரம் கழித்தே ஏற்றுங்கள்.

ஆனி, ஆடி: ராணியை அடைத்து ஆக்ஸாலிக்

வெயிற்காலத்துக்கு ஆவி மருந்து ஆகாது. ஆக்ஸாலிக் அமிலம் தேனீமேல் படும் மருந்து, வெயில் அதைப் பெரிதாகக் கெடுப்பதில்லை. ஆனால் மெழுகு மூடியைத் தாண்டாது. அதனால் மூடிய அறையே இல்லாத நிலையை நாமே உண்டாக்க வேண்டும். குளிர்நாட்டில் பனி செய்வதை இங்கே ஒரு ராணிக் கூண்டு செய்யும்.

1. முதல் நாள் ராணியைப் பிடித்துக் கூண்டில் விட்டு, நடுச் சட்டங்களுக்கு இடையே தொங்கவிடுங்கள். பணித்தேனீ வெளியிலிருந்து ஊட்டும்படி கம்பிக்கண் இருக்க வேண்டும்.
2. ஏழாம் நாள் சட்டங்களைப் பாருங்கள். புது ராணி அறை கட்டியிருந்தால் அத்தனையையும் கிள்ளிவிடுங்கள், ஒன்று தப்பினாலும் வேலை கெடும்.
3. 24 நாள் காத்திருங்கள். பணித்தேனீ முட்டையிலிருந்து வெளியே வர 21 நாள், ஆண் தேனீக்கு 24. அதற்குள் எல்லா அறையும் காலி. இந்த நாட்களில் டிரோபிலேலாப்ஸ் பட்டினியிலேயே ஒழியும், வரோவா முழுவதும் தேனீக்கள்மேல் வெளியே வந்து நிற்கும்.
4. 24-ஆம் நாள் மாலை ஆக்ஸாலிக் பாகு விட்டு, மறுநாள் ராணியைத் திறந்துவிடுங்கள்.

பாகு செய்ய ஒரு பங்கு சீனிக்கு ஒரு பங்கு வெதுவெதுப்பான தண்ணீர். ஒரு லிட்டர் பாகுக்கு 35 கிராம் ஆக்ஸாலிக் அமிலம் டைஹைட்ரேட். மூன்று நான்கு பெட்டிக்கு 200 மில்லி பாகும் 7 கிராமும் போதும். அடுப்படித் தராசில் 7 கிராம் நிறுக்க முடியாது, நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற சின்ன டிஜிட்டல் தராசு வாங்குங்கள். அளவு கூடினால் தேனீயின் குடல் வேகும். சிரிஞ்சால், தேனீ நிற்கும் இரண்டு சட்டத்துக்கு இடைவெளி ஒன்றுக்கு 5 மில்லி, நேராகத் தேனீக்கள்மேல் சொட்டுச் சொட்டாக. பெட்டி எவ்வளவு பெரிதானாலும் மொத்தம் 50 மில்லியைத் தாண்டக்கூடாது. ஒரே முறைதான், அடுத்த வாரம் இன்னொரு முறை என்று ஆசைப்படாதீர்கள். மிஞ்சிய பாகை வைத்திருக்கவும் கூடாது.

நம் பெரிய வீடுகளின் பளிங்குத் தரைக்கு மெருகு போடுபவர்கள் பையில் ஆக்ஸாலிக் பொடி இருக்கும். அதை வாங்காதீர்கள், என்ன கலந்திருக்கிறது என்று தெரியாது. ஆய்வகத் தரம் என்று சீட்டு ஒட்டியதை வாங்குங்கள். பார்க்க அச்சு அசலாகச் சீனி போலவே இருக்கும் விஷம் அது. டப்பாவின்மேல் கொட்டை எழுத்தில் விஷம் என்று எழுதி, பிள்ளைகள் கை எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள். பொடியைக் கொட்டும்போது மூக்கை மூடுங்கள்.

ராணி அடைந்திருக்கும் அந்த மூன்றரை வாரமும் சீனிப்பாகு கொடுங்கள். பெட்டிக்கு மேலே தென்னங்கீற்று நிழல் போடுங்கள், பக்கத்திலேயே மிதவைக் குச்சி போட்ட தண்ணீர்த் தொட்டி இருக்கட்டும். ஊருணி வற்றிய ஆடியில் தண்ணீர் இல்லாமல் போவதுதான் தேனீயை முதலில் விரட்டும்.

ராணியைப் பிடிக்கத் தயக்கம் உள்ளவர்கள் தை கடைசியில் பெட்டியைப் பிரிப்பதைப் பழகுங்கள். ராணி இல்லாத பாதி புது ராணி வளர்த்து அது முட்டையிடத் தொடங்குவதற்குள் பழைய அறைகள் எல்லாம் திறந்துவிடும். அதுவே இயற்கையாக ஒரு புழு இடைவேளை.

இடையில் செய்யக் கூடியது, செய்யக்கூடாதது

பூக்காலத்தில் மருந்து வைக்க முடியாத நாட்களில் ஆண் தேனீ அடையை ஆயுதமாக்கலாம். பெட்டி ஓரத்தில் மெழுகுத்தாள் இல்லாத வெறும் சட்டம் ஒன்று வையுங்கள். தேனீக்கள் அதில் ஆண் தேனீ அறைகளாகக் கட்டும், உண்ணி அங்கே குவியும். அறைகள் மூடிய பிறகு, முட்டையிட்ட 24 நாளுக்குள், அடையை வெட்டி எடுத்துக் கோழிக்குப் போடுங்கள். நாள் தவறினால் நாமே உண்ணிப் பண்ணை நடத்தியதாக ஆகும். நாட்காட்டியில் குறித்துக்கொண்டு செய்ய முடியாதவர்கள் இதைத் தொடவே வேண்டாம்.

தைமால், அதாவது ஓமத்தின் வாசனைக்குக் காரணமான பொருள், வரோவாவுக்குக் கேட்கும். நம் வெயிலில் அதன் ஆவியும் கூடிப்போகும், தேனிலும் வாடை ஏறும். எனக்கு அதில் விருப்பமில்லை. சீனிப்பொடி தூவியே உண்ணியை ஒழிக்கலாம் என்று சொல்வதை நம்பாதீர்கள், எண்ணுவதற்குத்தான் அது. வேப்பெண்ணெயைக் கூட்டுக்குள் தெளித்தால் புழுவும் ராணியும் சேர்ந்து பாதிக்கப்படும்.

ஃப்ளுவாலினேட் என்ற பூச்சிமருந்து ஏற்றிய பட்டை, வைப்பதற்கு எல்லாவற்றையும்விட எளிது. ஆனால் அந்த மருந்து மெழுகில் தங்கிவிடுகிறது, திரும்பத் திரும்ப வைத்த இடங்களில் உண்ணி அதற்குப் பழகியும் விட்டது. அதைவிட மோசம், வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தில் மரச்சீவலை நனைத்துச் செருகுவது. மலிவு என்று செய்கிறார்கள். அந்தத் தேன் யார் வீட்டுக் குழந்தையின் நாக்குக்குப் போகிறது என்று நினைத்துப் பாருங்கள்.

முடிந்த பிறகு

வைத்தியம் முடிந்து இரண்டு வாரத்தில் மறுபடி சீனிப் பாட்டிலை எடுங்கள். 300 தேனீக்கு 3-க்குக் கீழே வந்திருக்க வேண்டும். வரவில்லையென்றால் அமிலம் பழசா, வாசல் அடைபட்டிருந்ததா, அக்கம்பக்கத்தில் வைத்தியம் செய்யாத பெட்டி இருக்கிறதா என்று தேடுங்கள். கடைசிதான் பெரும்பாலும் காரணம். உண்ணியால் நலிந்த கூட்டத்தின் தேனைப் பலமான கூட்டம் கொள்ளையடிக்கப் போகும், திரும்பும்போது உண்ணியையும் சுமந்துகொண்டு வரும். அதனால் ஒரு தோப்பில் உள்ள எல்லாப் பெட்டிக்கும் ஒரே வாரத்தில் செய்யுங்கள். பள்ளத்தூரிலோ கோட்டையூரிலோ பக்கத்துத் தோப்புக்காரரும் தேனீ வைத்திருந்தால் அவரையும் அழைத்துப் பேசி ஒரே நாளில் தொடங்குங்கள். சந்தேகமான அடைத் துண்டை டப்பாவில் போட்டுக் குன்றக்குடி வேளாண் அறிவியல் நிலையத்துக்கு எடுத்துப் போய்க் காட்டலாம்.

ஒவ்வொரு எண்ணிக்கையையும் மேல்மூடியின் உட்புறத்தில் சாக்கட்டியால் எழுதி வையுங்கள். நோட்டு தொலையும், மூடி தொலையாது. என் ஏழாம் எண் பெட்டியின் மூடியில் இப்போது இப்படி இருக்கிறது, கோட்டுக்குப் பின்னால் இருப்பது 300 தேனீக்கு எத்தனை உண்ணி என்பது: கார்த்திகை 28 – 11. மார்கழி 2 ஃபார்மிக். தை 1 – 2. ஆடி 5 – 7, ராணி அடைப்பு. ஆவணி 14 – 1.